வளர்வது முடியா, முதலா?

முத்தையாபுரம் சென்றிருந்தோம். இரவு கூட்டம். விடிந்ததும் முகம் மழிக்க வேண்டி, திருச்செந்தூர் சாலையோரத்து முடிதிருத்தும் நிலையம் ஒன்றில் போய் அமர்ந்தோம். துறைமுகம் ஒருபுறம், உரத் தொழிற்சாலை ஒருபுறம், வெள்ளை வெளேரென உப்பளங்கள் ஒருபுறம்—உழைப்பாளர் ஊர் அது. அங்கே முடிதிருத்தும் நிலையம் என்றால் முடி மட்டுமா திருத்தப்படுகிறது? ஏடு படிக்கப்படுகிறது—எண்ணம் திருத்தப்படுகிறது! பாதிக் கன்னத்தில் சோப்பு நுரை, மீதிக் கன்னத்தில் அரசியல் அனல்! அத்தகைய இடம்.

உள்ளே வந்தார் உப்பளத் தோழர் ஒருவர். வயது 26 இருக்கும். கருத்த மேனி, கனிந்த முகம், முன் நெற்றி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிக் கொண்டிருக்கிறது. மடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார், பெரியவரிடம் நீட்டினார்.

“அண்ணாச்சி, முடியை வெட்டிட்டு இதைப் போட்டுக் கழுவி விடுங்க.”

“என்ன தம்பி அது?” என்று கேட்டோம்.

“முடி வளர்ற ஷாம்புண்ணே. மூணாவது புட்டி.”

“விலை?”

“ஒண்ணு ரெண்டு நாள் கூலிண்ணே.”

“வளர்ந்ததா?”

“வளரும்னு போட்டிருக்கே அண்ணே!”

பார்த்தீர்களா, தோழர்களே! வளர்ந்ததா என்று கேட்டோம். வளரும் என்று பதில் வருகிறது. இறந்தகாலத்தில் கேள்வி, எதிர்காலத்தில் பதில்! இந்த வாணிபத்தின் இலக்கணத்தில் இறந்தகாலம் என்று ஒன்று கிடையாது. வளரும், அடரும், ஒளிரும், மிளிரும்—எல்லாம் ‘உம்’. காசு மட்டும் ‘போயிற்று’!

கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டே பெரியவர் சிரித்தார். “தம்பி, இந்தத் தண்ணி முடியை வளர்க்கும்னா மொதல்ல வாங்கி வைக்கிறவன் நானில்லா! மாசத்துக்கு ஒரு தடவை வர்றவன் வாரத்துக்கு ஒரு தடவை வருவாம்லா!”

கடையே சிரித்தது. தோழர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அவருக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். நெற்றியைப் பார்த்து நாலு பேர் நகைப்பார்களே என்ற நடுக்கம் அவருக்கு. அதைக் கேலி செய்ய நமக்கு மனமில்லை. கேலி செய்யத் தக்கவன் அவரல்லன்—அவருடைய நடுக்கத்தை நாணயமாக மாற்றிக் கொண்டானே, அவன்!

நாம் பேசத் தொடங்கினோம். அவர் ஒரே ஒரு கேள்வியால் நம்மை மடக்கினார்.

“எங்க அக்காளுக்கு வளர்ந்துச்சே அண்ணே! பிள்ளை பெத்த நாலாம் மாசம் கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு. இதே ஷாம்புதான் போட்டா. ஆறு மாசத்துல பழையபடி வந்துட்டே!”

மெத்தச் சரியான கேள்வி. கண்ணால் கண்டதைச் சொல்கிறார், கதை கட்டவில்லை. கண்ணால் கண்டதை, ‘போடா மூடா’ என்று தள்ளுவது பகுத்தறிவாகாது. கண்டதற்குக் காரணம் எது என்று துருவுவதுதான் பகுத்தறிவு. ஆகவே துருவுவோம்.

முடி என்பது என்ன? நம் கண்ணுக்குத் தெரியும் முடி, உயிரற்ற பொருள். நகம் எப்படியோ அப்படி. உயிருள்ளதாயின், கத்திரி படும்போதெல்லாம் இந்தக் கடையில் கதறல் அல்லவா கேட்க வேண்டும்? உயிர் இருப்பது வேரில். அந்த வேர் தோலுக்கு அடியில், சில மில்லிமீட்டர் ஆழத்தில், இரத்தத்திலிருந்து உணவு பெற்று வாழ்கிறது. வளர்ச்சி என்பது அங்கே நடக்கும் வேலை.

தலையிலே சுமார் 1 லட்சம் முடி. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வரை வளரும், பிறகு ஏறத்தாழ 3 மாதம் ஓய்வெடுக்கும், பிறகு உதிரும், அதே குழியிலிருந்து புதியது முளைக்கும். எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு ஓய்வில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்—10,000 முடி. அவை 100 நாளில் உதிர்ந்தால், நாளொன்றுக்கு 100. சீப்பிலே நூறு முடி வந்துவிட்டதே என்று நெஞ்சு பதறுகிறோமே, அது நோயல்ல தோழர்களே, கணக்கு! வளரும் வேகமும் கணக்குத்தான்: மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். ‘ஆறே வாரத்தில் பலன்’ என்று அலறுகிறார்களே, ஆறு வாரத்தில் ஒன்றும் போடாத தலையிலும் ஒன்றரை சென்டிமீட்டர் வளரும். வளர்ப்பது உடல், வசூலிப்பது புட்டி!

இனி ஷாம்பு. அது என்ன செய்கிறது? அதன் நுண்துகளுக்கு இரண்டு முனை. ஒன்று எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், மற்றொன்று தண்ணீரைப் பிடிக்கும். பிசுக்கையும் அழுக்கையும் இழுத்துக்கொண்டு தண்ணீரோடு ஓடிவிடும். நல்ல வேலை, நாணயமான வேலை. ஆனால் தலையிலே அது தங்கியிருப்பது எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு சாக்கடைக்குப் பயணம்! இரண்டு நிமிடம் தங்கி, மேலே வழுக்கிக்கொண்டு ஓடும் சரக்கு, அடியிலே இருக்கும் வேரை ஆண்டுக்கணக்கில் வளர்க்கும் என்றால், வாசற்படியைக் கழுவினால் வீட்டுக்குள்ளே நெல் விளையும் என்று நம்பலாமே!

ஷாம்பு மேல் நமக்குப் பகையில்லை. சொல்லப்போனால் அதன் வரலாற்றிலே நம் நாட்டவருக்குப் பெருமைக்குரிய பக்கம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் ஷாம்பு சீமான் வீட்டுச் சரக்கு. பெரிய புட்டி, பெரிய விலை. கூலிக்காரன் எட்டி நின்று பார்க்கலாம், தொட முடியாது. அந்த நிலையை மாற்றிய முன்னோடிகளில் ஒருவர் கடலூர்ச் சின்னிகிருஷ்ணன். சரக்கைச் சிறு சிறு பாக்கெட்டில் அடைத்தால் ஏழையும் வாங்குவான் என்று கண்டார். அவர் குடும்பத்தார் ‘வெல்வெட்’ ஷாம்பைப் பாக்கெட்டில் கொண்டுவந்தனர்; மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் ‘சிக்’ ஷாம்பைத் தொடங்கினார். மாளிகைச் சரக்கு மண்குடிசைக்கு வந்தது. கழுவும் உரிமை காசுள்ளவனுக்கு மட்டும் என்றிருந்ததை உடைத்த பாக்கெட் அது. அதைப் போற்றுகிறோம். கழுவும் என்று சொல்லி விற்றால் காசைக் கொடுப்போம். வளர்க்கும் என்று சொல்லி விற்கும்போதுதான், நில் என்கிறோம்!

இப்போது அக்காளின் கதைக்கு வருவோம். பிள்ளை சுமக்கும் மாதங்களில் உடலின் சுரப்பு நீர்கள் பெருகி, உதிர வேண்டிய முடியையும் தலையிலே நிறுத்தி வைக்கின்றன. பிள்ளை பிறந்ததும் சுரப்பு குறைகிறது. நின்றிருந்ததெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போகிறது. மூன்றாம் மாதம், நாலாம் மாதம் கொத்தாகக் கொட்டுகிறது. வேர் சாகவில்லை. ஆகவே பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ தானாகவே திரும்ப முளைக்கிறது. கடும் காய்ச்சலுக்குப் பிறகும் அப்படியே. டெங்கு, டைபாய்டு—2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா கண்டவர்களிலும் எத்தனையோ பேருக்கு, காய்ச்சல் விட்ட இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டிற்று; பிறகு முளைத்தது.

கொட்டும்போதுதானே கலங்குகிறோம்? கலங்கும்போதுதானே புட்டி வாங்குகிறோம்? புட்டி தீரும் நேரமும் முடி முளைக்கும் நேரமும் ஒன்றாக வருகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது! பழுத்த பழம் காக்கை வராவிட்டாலும் விழும். இங்கேயோ, காக்கை பழத்துக்கு விலைச்சீட்டு அனுப்புகிறது!

“தம்பி, அக்காளின் முடி உதிர்ந்தது வேறு, உன் முடி மெலிவது வேறு. உன் தந்தைக்கு நெற்றி எப்படி?” என்றோம்.

“அவருக்கும் முப்பதுலயே ஏறிட்டுண்ணே.”

அதுதான் செய்தி. ஆணுக்கு நெற்றி ஏறுவதும் உச்சி தேய்வதும் பெரும்பாலும் பரம்பரையும் உடலின் சுரப்பும் சேர்ந்து செய்யும் வேலை. வேர் ஆண்டுதோறும் சுருங்குகிறது, முடி மெலிகிறது, முடிவில் கண்ணுக்கே தெரியாத பூனைமயிராகிறது. இது தானாகத் திரும்பாது. கழுவினாலும் திரும்பாது.

“அப்படியானால் புட்டிமேல் ‘முடி உதிர்வைக் குறைக்கும்’ என்று அச்சடித்திருக்கிறானே, சட்டம் சும்மா விடுமா?” என்று பக்கத்திலிருந்த துறைமுகத் தொழிலாளி கேட்டார். நல்ல கேள்வி! புட்டிகளைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தின் தலைமேல் ஒரு சிறு நட்சத்திரம் மின்னும். அந்த நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டு போனால், அடியிலே, எறும்பு எழுதியது போன்ற எழுத்தில், ‘முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு மட்டும்’ என்றிருக்கும். வேரோடு விழுவது வேறு, நடுவிலே உடைவது வேறு. வெயிலிலும் உவர்நீரிலும் சொரசொரத்துப் போன முடி, சீப்பு பட்டால் முறியும். ஷாம்பிலுள்ள மெழுகுத்தன்மைப் பொருள் அதன்மேல் பூசிக்கொண்டு வழவழப்பாக்கும், முறிவது குறையும். அது உண்மை. ஆனால் நாம் கவலைப்பட்டது வேரைப் பற்றி, அவன் வாக்களித்தது நுனியைப் பற்றி! விழுந்த முடியை எடுத்து உற்றுப் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெண்குமிழ் இருந்தால் வேரோடு வந்தது, இல்லையேல் உடைந்தது. காசில்லாச் சோதனை, கடைக்காரன் சொல்லித் தராத சோதனை.

இன்னொரு வித்தையும் உண்டு. விளம்பரத்தில் அலையலையாய்க் கூந்தல் புரள வருகிறாளே பாவை, அவளுக்கு ஷாம்பு போட்டதால் கூந்தல் வந்ததா, கூந்தல் இருந்ததால் ஷாம்பு விளம்பரம் வந்ததா? பழைய வித்தை இது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் சதர்லாந்து சகோதரிகள் என்று எழுவர் இருந்தனர். தரையைத் தொடும் கூந்தல். பாட்டுப் பாட மேடையேறினர். கூட்டமோ கூந்தலைப் பார்க்கக் கூடிற்று. கண்டது குடும்பம், தொடங்கிற்று ‘முடி வளர்ப்பான்’ வாணிபம், குவிந்தது செல்வம். தைலத்துக்கு முன்பே தரையைத் தொட்ட கூந்தலையா அது என்று கேட்டவர் குறைவு. பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் நாகரிகம் 1920களில் வந்தது, வாணிபம் விழுந்தது. அன்று மேடை, இன்று கைப்பேசி. வெங்காயம் என்கிறான், காப்பித்தூள் என்கிறான்—சாம்பாருக்குரியதைச் சடைக்குப் போடச் சொல்கிறான்!

நடிகர் சொன்னாரே, நம்பலாமே என்பார் உண்டு. அண்டை மாநிலமாம் கேரளத்திலே திருச்சூருக்கு வாருங்கள். 2012இல் ஒருவர், ஆறு வாரத்தில் முடி வளரும் என்ற விளம்பரத்தை நம்பி, ‘தாத்ரி’ என்ற நிறுவனத்தின் முடிக் கிரீமை 376 ரூபாய் கொடுத்து வாங்கினார். வளரவில்லை. வாய்மூடி இருக்கவில்லை அவர். மாவட்ட நுகர்வோர் மன்றத்தின் படியேறினார். விளம்பரத்தில் தோன்றிய நடிகர் அனூப் மேனன் விசாரிக்கப்பட்டார். இந்தக் கிரீமைப் பயன்படுத்தியதுண்டா? இல்லை! பிறகு தலைக்கு என்ன? தாயார் காய்ச்சித் தரும் எண்ணெய்! ஊருக்கு உபதேசம் கிரீம், தமக்கோ தாயார் எண்ணெய்! நிறுவனமும் நடிகரும் ஆளுக்கு 10,000 ரூபாய் அவருக்குத் தர வேண்டும் என்று மன்றம் கூறிற்று. 2021 தொடக்கத்தில் நாடெங்கும் ஏடுகளில் வந்த செய்தி இது. 376 ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் போராடிய அந்தத் தனிமனிதரைத் தலை வணங்குகிறோம். தொகை சிறிது; துணிவு பெரிது.

“போனால் காசுதானே” என்பார்க்கு ஒரு செய்தி. 2025 மார்ச் மாதம், பஞ்சாபின் சங்ரூர் நகரில் வழுக்கைக்கு மருந்து என்று ஒரு முகாம் நடந்தது. தலையிலே எண்ணெய் பூசினர், கழுவச் செய்தனர். கண் எரிந்து, வீங்கி, 60க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்கு ஓடினர். நடத்தியோர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. முடியைத் தேடிப் போனவர்கள் விழியைப் பறிகொடுக்க இருந்தனர்!

அதைவிடப் பெரிய இழப்பு ஓசையில்லாமல் நடக்கிறது. காலம்! இரத்தச் சோகை இருந்தாலும் முடி கொட்டும். தைராய்டு கோளாறு இருந்தாலும் கொட்டும். காலையிலிருந்து வெயிலில் நின்று, உப்புக் கூடையைத் தலையில் சுமக்கும் நம் தாய்மார்களுக்கு இரத்தம் குறைந்து முடி கொட்டுகிறதென்றால், அது உடல் அடிக்கும் அபாய மணி. மணியின் நாவைப் பஞ்சால் கட்டுகிறது புட்டி! வட்டமாகச் சொட்டை விழுந்தால் ‘புழுவெட்டு’ என்கிறோம். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை—உடலின் காவற்படையே தவறி வேரைத் தாக்கும் நோய் அது. அதற்கும் தேவை மருத்துவர், மளிகைக் கடையல்ல.

அப்படியானால் மருந்தே இல்லையா? உண்டு. இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மினாக்சிடில் என்ற மருந்தை உண்டவர்களுக்கு முடி முளைப்பதை மருத்துவர்கள் கண்டனர். சோதித்தனர், ஒப்பிட்டனர், தலையில் பூசும் மருந்தாக 1988இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. ஆண்களின் வழுக்கைக்கு ஃபினாஸ்டெரைடு மாத்திரை 1997இல் ஒப்புதல் பெற்றது. இவற்றை விற்பவர் என்ன சொல்கிறார்? எல்லோருக்கும் பலிக்காது, மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும், நிறுத்தினால் பலனும் நின்றுவிடும், பக்கவிளைவு உண்டு, மருத்துவரைக் கேள்! மெய்யான மருந்துக்கு எல்லை உண்டு, தோழர்களே. பொய்யான மருந்துக்குத்தான் எல்லையே கிடையாது!

பொடுகுக்கும் பேனுக்கும் மருந்து கலந்த ஷாம்பு உண்டு. அதற்குரிய நோய்க்கு அது பயன்படும். மறுக்கவில்லை. ஆனால் ‘வளர்க்கும்’ என்போரிடம் நாம் கேட்பது இது: 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் சட்டப்படி, அழகுப் பொருள் என்பது தூய்மை செய்யவும் தோற்றத்தை மேம்படுத்தவும் உள்ளது. உன் சரக்கு அழகுப் பொருளா? அப்படியானால் கழுவும் என்று சொல், காசை வாங்கு. வேரையே வளர்க்கும் என்கிறாயா? அப்படியானால் மருந்து—சோதனை எங்கே? எத்தனை தலையில்? எத்தனை மாதம்? போடாத தலையோடு ஒப்பிட்டாயா? குணமாக்கும் என்று மருந்துகள் உரிமை கொண்டாடக் கூடாத நோய்ப் பட்டியல் ஒன்று மருந்து விதிகளில் இருக்கிறது. அதிலே வழுக்கையும் புதுமுடி வளர்ப்பும் இடம்பெற்றிருப்பது தெரியுமா? இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலைதான் எத்தருக்கு!

2020இல் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை தண்டம் விதிக்கலாம்; மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் நடிப்போரை ஓராண்டு வரை, மீண்டும் தவறினால் மூன்றாண்டு வரை விளம்பரமே கூடாதென விலக்கலாம். முறையிட 1915 என்ற எண் இருக்கிறது. சட்டம் வாள், உறையில் கிடந்தால் துருப்பிடிக்கும். இரசீதை எறியாதீர், புட்டியின் அட்டையை எறியாதீர், திருச்சூர்க்காரர் செய்ததை முத்தையாபுரத்துக்காரர் செய்ய முடியாதா?

பேச்சு முடிந்தது. முடிவெட்டும் முடிந்தது. பெரியவர் பக்கங்களைக் குட்டையாக வெட்டிவிட்டிருந்தார். ஏறிய நெற்றி எடுப்பாகவே தெரிந்தது. “நல்லாத்தான இருக்க! ஆளைப் பார்த்துப் பொண்ணு குடுப்பானா, அரை அடி நெத்தியப் பார்த்தா?” என்றார். தோழர் கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்சம் நிமிர்ந்தார்.

“நாலாவது புட்டி வேண்டாம்ணே. பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டரைப் பார்க்கேன். அக்காளுக்கும் இரத்தம் சோதிக்கச் சொல்லுதேன், இப்பல்லாம் அவ ரொம்பக் களைச்சுப் போறா. ஆனா இந்தப் புட்டில பாதி இருக்கே, இதை என்ன செய்ய?”

“தலையைக் கழுவு தம்பி. அதற்குத்தான் அது.”

வெளியே வந்தோம். கடற்காற்று வீசிற்று. இந்தக் கடலில்தான் 1961 வரை முத்துக் குளித்தனர். கரையிலே சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்கியவனுக்கு முத்தும் கிடைக்கலாம், வெறும் நாற்றமும் கிடைக்கலாம். சூதுதான். ஆனாலும் அந்த ஏலத்தில் ஒரு நேர்மை இருந்தது—சிப்பிக்குள் முத்து இருக்கக்கூடும்!

புட்டிக்குள் முடி இல்லை, தோழர்களே. திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.